பழங்கால வைத்தியர்களிடமிருந்து இன்றைய மருத்துவம் எடுத்துக்கொண்டது என்ன?

தாடை எலும்பு நழுவி, திறந்த வாயை மூட முடியாமல் ஒருவர் வருகிறார். மருத்துவர் தன் இரண்டு கட்டைவிரல்களையும் அவர் வாய்க்குள் விட்டு, கீழ்த்தாடையின் கடைக்கோடியில் பதிக்கிறார். மற்ற விரல்கள் முகவாய்க்கு அடியில் பிடித்துக்கொள்கின்றன. அழுத்திப் பின்பக்கமாகத் தள்ளுகிறார். தாடை தன் இடத்தில் போய் உட்காருகிறது. இன்றைய அவசர சிகிச்சைப் பிரிவில் இதைத்தான் செய்வார்கள். கட்டைவிரல் எங்கே, மற்ற விரல்கள் எங்கே என்பது உட்பட ஏறக்குறைய இதே முறை, கி.மு. 1600 வாக்கில் எகிப்தில் எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ் சுருளில் இருக்கிறது.

1862இல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் லக்சர் நகரில் வாங்கிய சுருள் அது. எகிப்தியல் அறிஞர் ஜேம்ஸ் பிரெஸ்டெட் 1930இல் அதன் முழு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அதில் 48 நோயாளிகள் வருகிறார்கள். பெரும்பாலும் அடிபட்டவர்கள். தலையில் தொடங்கி முகம், கழுத்து, தோள், மார்பு என்று இறங்கிக்கொண்டே வந்து, முதுகெலும்பை எட்டியதும் வாக்கியத்தின் நடுவிலேயே எழுத்து நின்றுவிடுகிறது.

ஒவ்வொரு நோயாளியைப் பற்றிய குறிப்பும் ஒரே ஒழுங்கில் அமைந்திருக்கிறது. என்ன காயம், தொட்டுப் பார்த்தபோது என்ன தெரிந்தது, இது இன்னது என்ற முடிவு, பிறகு செய்ய வேண்டியது. முடிவைச் சொன்ன கையோடு மூன்றில் ஒரு தீர்ப்பும் வந்துவிடும்: நான் குணப்படுத்தும் நோய், நான் போராடிப் பார்க்கும் நோய், சிகிச்சை இல்லாத நோய். கழுத்து முள்ளெலும்பு நழுவி, தன் கைகால்களையே உணராமல் கிடப்பவர் மூன்றாம் வகையில் வருகிறார். அவருக்கு எதுவும் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகும் அவரைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் கழுத்தில் பட்ட அடிக்கும் கைகால் உணர்வு போவதற்கும் தொடர்பு உண்டு என்ற செய்தி மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருக்கிறது. 48 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மந்திரம் பரிந்துரைக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழங்கால, இடைக்கால மருத்துவர்கள் நமக்கு என்ன தந்தார்கள் என்று கேட்டால் வழக்கமாக ஒரு பட்டியல் வரும். இவர் இதைக் கண்டுபிடித்தார், அவர் அந்தத் துறையின் தந்தை என்று. பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அதை மட்டும் படிப்பவர்களுக்கு ஒரு பெரிய செய்தி தவறிப்போகும்: அந்த மருத்துவர்கள் நோய்க்குச் சொன்ன காரணங்களில் அநேகமாக எல்லாமே தவறு. கிருமி என்ற ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது. செல் தெரியாது, ஹார்மோன் தெரியாது. அப்படியிருந்தும் இன்றைய மருத்துவம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. நோயாளியைப் பார்ப்பது, பார்த்ததை எழுதிவைப்பது, ஒருவரோடு மற்றவரை ஒப்பிடுவது, ஆசிரியர் சொன்னதையே ஆனாலும் சோதித்துப் பார்ப்பது என்ற வேலைமுறையைத்தான் அவர்கள் தந்தார்கள். அது எப்படி உருவானது, எங்கெல்லாம் தடுமாறியது என்று பார்ப்போம்.

மதிலோரம் குடியிருந்த நோயாளி

கிரேக்கத்தின் கோஸ் தீவில் கி.மு. 460 வாக்கில் பிறந்தவர் ஹிப்போக்ரடீஸ். அவர் பெயரில் ஏறக்குறைய 60 நூல்கள் கிடைக்கின்றன. அவற்றை ஒரே ஆள் எழுதவில்லை; பல மருத்துவர்களின் எழுத்து ஒரு பெயரின் கீழ் சேர்ந்திருக்கிறது. மருத்துவர்கள் எடுக்கும் உறுதிமொழியை வைத்தே அந்தப் பெயர் பலருக்கும் அறிமுகம். எனக்கு உறுதிமொழியைவிடப் பெரிதாகப் படுவது, அந்தத் தொகுப்பில் கொள்ளைநோய்களைப் பற்றிய பகுதியில் வரும் 42 நோயாளிகளின் நாள்வாரிக் குறிப்புகள்.

முதல் குறிப்பு பிலிஸ்கஸ் என்பவரைப் பற்றியது. மதிலோரம் குடியிருந்தவர். முதல் நாள் கடும் காய்ச்சல், வியர்வை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது போலத் தோன்றி, மாலையில் மறுபடி ஏறுகிறது. தாகம், வறண்ட நாக்கு, கறுத்த சிறுநீர். ஐந்தாம் நாள் மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம். ஆறாம் நாள் நடுப்பகலில் இறந்துபோகிறார். மூச்சு எப்படியிருந்தது என்பதையும் எழுதியிருக்கிறார்கள்: நீண்ட இடைவெளி விட்டு, பெரிதாக, மூச்சுவிட வேண்டும் என்பது அப்போதைக்கப்போது நினைவுக்கு வந்தது போல. 19ஆம் நூற்றாண்டில் டப்ளினில் பணியாற்றிய செய்ன், ஸ்டோக்ஸ் என்ற இரு மருத்துவர்களின் பெயரால் இன்று வழங்கும் சுவாசக் குறியைத்தான் இந்த வரி காட்டுகிறது என்று மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

அந்த 42 பேரில் பாதிக்கு மேல் இறந்துவிட்டார்கள். புகழ் தேடும் எந்த வைத்தியரும் மறைக்க விரும்பும் கணக்கு அது. எழுதியவர் மறைக்கவில்லை. இந்த நோய் எந்த வழியில் போகும், எந்த நாளில் திரும்பும், எந்தக் குறி தெரிந்தால் பிழைப்பது அரிது என்று பின்னால் வரும் மருத்துவருக்குச் சொல்வதே அவர் நோக்கம். இன்றைக்கு மருத்துவமனைக் கட்டிலின் காலடியில் தொங்கும் குறிப்பேட்டுக்கும், ஒரு நோயாளியின் கதையை விரிவாக வெளியிடும் மருத்துவ இதழுக்கும் மூதாதை இந்தப் பக்கங்கள்தான்.

அதே தொகுப்பில் வலிப்பு நோயைப் பற்றி ஒரு நூல் இருக்கிறது. கடவுள் அனுப்பிய நோய் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். மற்ற நோய்களைவிட இதில் தெய்வீகம் எதுவும் கூடுதலாக இல்லை, மூளையில்தான் இதன் இருப்பிடம் என்று அந்த நூல் வாதாடுகிறது. காரணமாக அது சொன்னது கபம் போய் அடைத்துக்கொள்கிறது என்பது. காரணம் தவறு, இடம் சரி. ஆனாலும் நோய்க்கு இயற்கையில் ஒரு காரணம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டுவிட்டால், சொன்ன காரணம் தவறென்றால் அடுத்தவர் வந்து திருத்த முடியும். தெய்வ கோபம் என்று விட்டுவிட்டால் திருத்துவதற்கு எதுவுமே இருக்காது.

நோயாளியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கும் வழக்கமும் அந்த நூல்களில் உண்டு. உள்ளே வினிகர் கொதிப்பது போன்ற ஒலி வரும் என்று எழுதியிருக்கிறார்கள். 1816இல் பாரிஸில் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய லென்னெக் இந்த நூல்களை ஆழ்ந்து படித்தவர்.

நான்கு திரவங்கள்

உடலில் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு திரவங்கள் இருக்கின்றன. அவை சமநிலையில் இருந்தால் ஆரோக்கியம், ஒன்று கூடினாலோ குறைந்தாலோ நோய். கிரேக்கர்களிடமிருந்து கிளம்பிய இந்தக் கோட்பாடு மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் ஆட்சி செய்தது. கூடியதை வெளியேற்றுவதுதான் சிகிச்சை என்பதால் பேதி கொடுத்தார்கள், வாந்தி எடுக்கவைத்தார்கள், சிரையைக் கீறி ரத்தம் வடித்தார்கள். 1799 டிசம்பரில் தொண்டை நோயோடு படுத்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஒரே நாளில் பலமுறை ரத்தம் எடுத்தார்கள். அன்றிரவே அவர் இறந்துபோனார்.

இவ்வளவு தவறான ஒன்று இத்தனை காலம் எப்படி நின்றது என்பது புதிதாகப் படிப்பவருக்குக் கட்டாயம் எழ வேண்டிய கேள்வி. முதல் காரணம், அது எல்லாவற்றையும் விளக்கியது. எந்த நோயாளி வந்தாலும் ஏதோ ஒரு திரவம் கூடியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பொய் என்று காட்டக்கூடிய நோயாளி வரவே முடியாது. இரண்டாவது, பெரும்பாலான காய்ச்சல்கள் தாமாகவே இறங்கிவிடும். ரத்தம் எடுத்த பிறகு இறங்கினால் ரத்தம் எடுத்ததால்தான் என்று தோன்றும். இறந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்பார்கள். ஒரு நோயாளியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மயக்கத்திலிருந்து வெளியே வர வழியே இல்லை. வெளியே வரும் வழியைத் தேடியவர் ஒருவர் பத்தாம் நூற்றாண்டை ஒட்டியே இருந்தார். அவரிடம் போவதற்கு முன் கேலனைப் பார்த்துவிட வேண்டும்.

கேலன் செய்து காட்டியவையும் தவறவிட்டவையும்

இன்றைய துருக்கியில் உள்ள பெர்காமம் நகரில் கி.பி. 129இல் பிறந்தவர் கேலன். வாள்வீரர்களுக்கு மருத்துவராக இருந்து, பிறகு ரோமுக்குப் போய்ப் பேரரசர்களின் மருத்துவரானவர். சிந்தனையும் பேச்சும் இதயத்திலிருந்து வருகின்றன என்று அரிஸ்டாட்டில் வழிவந்தவர்கள் நம்பிய காலம். கேலன் ரோமில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு பன்றியைக் கிடத்தினார். அது கத்திக்கொண்டிருக்கும்போதே குரல்வளைக்குப் போகும் மெல்லிய நரம்பைக் கட்டினார். பன்றி தொடர்ந்து திமிறியது. குரல் மட்டும் நின்றுபோனது. குரலை ஆள்வது மூளையிலிருந்து வரும் நரம்பு என்று அவர் காட்டிய விதம் அது. உயிரோடு உள்ள விலங்கை அப்படி அறுப்பதை இன்று படிக்கும்போது மனம் வலிக்கிறது. ஆனால் ஒரு வாதத்தைச் சொல்லால் முடிக்காமல் செய்து காட்டி முடிப்பது என்ற பழக்கம் அங்கே உறுதியாக வேரூன்றுவதை மறுக்க முடியாது. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயைக் கட்டி, சிறுநீர் உருவாகும் இடம் எது என்பதையும், தமனிக்குள் இருப்பது காற்று இல்லை ரத்தம்தான் என்பதையும் அவர் இதே வழியில் நிறுவினார்.

மனித உடலை அறுத்துப் பார்க்க ரோமில் வழியில்லை. குரங்கு, பன்றி, மாடு, ஆடு ஆகியவற்றை அறுத்து, மனிதனுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று எழுதினார். மாட்டின் மூளையடியில் உள்ள நுண்குழாய் வலை மனிதருக்கும் இருப்பதாகச் சொன்னது அப்படித்தான். இதயத்தின் வலது அறையையும் இடது அறையையும் பிரிக்கும் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியே ரத்தம் கசிகிறது என்றும் எழுதினார். அப்படித் துளை கிடையாது. கேலன் எழுதியது மிக அதிகம், எழுதிய தொனி மிக உறுதி. அதனால் பின்னால் வந்தவர்கள் அவருடைய முடிவுகளை மனப்பாடம் செய்தார்கள். அவர் அந்த முடிவுகளுக்கு வந்த முறையை விட்டுவிட்டார்கள். மருத்துவ வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் திருப்பம் இது.

பாக்தாத்தில் எழுந்த சந்தேகம்

9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற மருத்துவர் கிரேக்க நூல்களைச் சிரியாக் மொழிக்கும் அரபு மொழிக்கும் கொண்டுவந்தார். கேலனின் நூல்களில் 129ஐ அவர் தன் கடிதம் ஒன்றில் பட்டியலிட்டு, எது மொழிபெயர்ந்திருக்கிறது, யார் செய்தது, தரம் எப்படி என்று எழுதியிருக்கிறார். ஒரே நூலுக்குப் பல கைப்பிரதிகளைத் திரட்டி, ஒப்பிட்டுப் பிழை நீக்கிய பிறகே மொழிபெயர்ப்பார். ஒரு குறிப்பிட்ட நூலைத் தேடி மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாண்டிரியா வரை அலைந்தார். கடைசியில் டமாஸ்கஸில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது. இந்திய மருத்துவ நூல்கள் சிலவும் அதே காலகட்டத்தில் அரபிக்குப் போயின.

மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு அடுத்த தலைமுறை அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பாரசீகத்தின் ரே நகரைச் சேர்ந்த அல்-ராஸி கேலனின் மீதான தன் ஐயங்களைத் தொகுத்து ஒரு தனி நூலே எழுதினார். கேலனைத் தன் ஆசானாக மதித்துக்கொண்டே, நான் பார்த்த நோயாளிகள் ஆசான் சொன்னபடி இல்லை என்றார். பெரியம்மையையும் தட்டம்மையையும் தெளிவாகப் பிரித்து எழுதியவர் அவர். முதுகுவலி பெரியம்மைக்கு உரியது, குமட்டலும் படபடப்பும் தட்டம்மையில் அதிகம் என்று படுக்கையருகே நின்று பார்த்த குறிகளைத் தருகிறார். இரண்டுக்கும் காரணம் ரத்தம் பொங்குவது என்று அவர் நினைத்தார். வைரஸ் என்ற ஒன்று தெரிய ஆயிரம் ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

இவருடைய குறிப்புகளில் ஓர் இடம் உண்டு. தலையும் கழுத்தும் விடாமல் வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், தூக்கம் போன நோயாளிகள் மூளைக்காய்ச்சல் போன்ற ஒரு நோயை நோக்கிப் போகிறார்கள் என்று விவரித்துவிட்டு, இவர்களுக்கு ரத்தம் எடுங்கள் என்கிறார். அதற்கு அவர் தரும் ஆதாரம்தான் முக்கியம். ஒரு குழுவுக்கு ரத்தம் எடுத்தேன், அவர்கள் தப்பினார்கள். ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பதற்காகவே இன்னொரு குழுவுக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டேன், அவர்கள் எல்லோருக்கும் நோய் வந்தது என்கிறார்.

மருந்து கொடுத்த குழு ஒன்று, கொடுக்காத குழு ஒன்று, இரண்டையும் ஒப்பிடு. இன்று ஒரு புதிய மருந்தை அனுமதிப்பதற்கு முன் கேட்கப்படும் அதே கேள்வியை அவர் கேட்டுவிட்டார். கிடைத்த விடையோ தவறானது. எத்தனை பேர், யாரை எந்தக் குழுவில் சேர்த்தார், சேர்க்கும்போதே யார் பலவீனமாக இருந்தார்கள் என்பதெல்லாம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒப்பீடு அது. பாரிஸில் 1830களில் பியர் லூயி நுரையீரல் அழற்சி நோயாளிகளை முறையாக எண்ணிக் கணக்கிட்ட பிறகுதான், ரத்தம் எடுப்பதால் சொல்லிக்கொள்ளும்படியான பயன் இல்லை என்பது மருத்துவர்களுக்கு உறைக்கத் தொடங்கியது. ஒப்பிட்டுப் பார் என்ற அதே கேள்விதான், சரியாகக் கேட்கப்பட்டபோது, அல்-ராஸியின் விடையை வீழ்த்தியது.

அவருக்கு அடுத்த நூற்றாண்டில் வந்த இப்னு சீனா, ஏறக்குறைய 1025இல் ஐந்து பாகங்களில் முடித்த மருத்துவக் களஞ்சியம் லத்தீனுக்குப் போய், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 17ஆம் நூற்றாண்டு வரை பாடமாக இருந்தது. அதில் மருந்தைச் சோதிக்க விதிகள் வருகின்றன. மருந்து கலப்பின்றி இருக்க வேண்டும். சிக்கலில்லாத, ஒரே ஒரு நோய் உள்ளவரிடம் சோதிக்க வேண்டும். பலன் எப்போது தெரிகிறது என்று நேரத்தைக் கவனிக்க வேண்டும். பலருக்கும் அதே பலன் திரும்பத் திரும்ப வர வேண்டும், இல்லையென்றால் அது தற்செயல். கடைசியில் மனிதரிடமே சோதித்தாக வேண்டும், சிங்கத்துக்கோ குதிரைக்கோ கொடுத்துப் பார்த்து மனிதரைப் பற்றி முடிவு கட்ட முடியாது. இன்றைய மருந்தியல் மாணவருக்கு இதில் ஒரு வரிகூட அந்நியமாகத் தோன்றாது.

இதயச் சுவரில் துளை இல்லை

கேலன் சொன்ன துளைக்குத் திரும்புவோம். ஒரு பிழை எப்படித் திருந்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

டமாஸ்கஸில் படித்து கெய்ரோவில் பணியாற்றிய இப்னு அல்-நஃபீஸ், 1242இல் இப்னு சீனாவின் உடற்கூறு பற்றிய பகுதிக்கு உரை எழுதினார். இதயத்தின் இரு அறைகளுக்கும் நடுவே உள்ள சுவர் கெட்டியானது. தெரியும் துளையும் இல்லை, கேலன் நினைத்தது போலத் தெரியாத துளையும் இல்லை என்றார். அப்படியானால் வலப்பக்க ரத்தம் இடப்பக்கம் எப்படிப் போகும்? நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, பிறகு இடது அறைக்கு வருகிறது. நுரையீரல் வழி ரத்த ஓட்டத்தின் தெளிவான விளக்கம் அது.

அந்த உரை பல நூற்றாண்டுகள் பெரிய கவனம் பெறாமல் கிடந்தது. 1924இல் ஜெர்மனியில் ஆய்வு செய்துகொண்டிருந்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்-ததாவி பெர்லின் நூலகத்துக் கைப்பிரதியில் அதைப் படித்து வெளியே கொண்டுவந்தார். இதற்கிடையில் ஐரோப்பாவில் செர்வீட்டஸ் என்ற மருத்துவர் 1553இலும் கொலம்போ என்ற உடற்கூறு ஆசிரியர் 1559இலும் அதே கருத்தை எழுதிவிட்டார்கள். கெய்ரோவின் கருத்து அவர்கள் காதுக்கு எட்டியதா, அவர்களே தனியாகக் கண்டார்களா என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

1543இல் வெஸாலியஸ் தன் உடற்கூறு நூலை வெளியிட்டபோது மருத்துவக் கல்வியே ஆட்டம் கண்டது. இத்தாலியின் பொலோன்யாவில் 1315 வாக்கிலேயே மோந்தீனோ மனித உடலை மாணவர்கள் முன் அறுத்துக் காட்டியிருந்தார். ஆனால் பேராசிரியர் உயர்ந்த ஆசனத்திலிருந்து கேலனை வாசிக்க, கீழே வேறொருவர் உடலை அறுப்பது என்பதே பின்னர் வழக்கமாகிவிட்டது. வாசிப்பவர் பார்க்கவில்லை, பார்ப்பவர் பேசவில்லை. வெஸாலியஸ் ஆசனத்திலிருந்து இறங்கித் தானே கத்தியை எடுத்தார். கேலன் எழுதியது மனித உடலைப் பற்றியே அல்ல, விலங்குகளைப் பற்றி என்பதை உறுப்பு உறுப்பாகக் காட்டினார். படித்துப் பார்த்தால், கேலனின் முறையைக்கொண்டே கேலனைத் திருத்தியிருக்கிறார்.

அவர் கற்பித்த அதே பாதுவா பல்கலைக்கழகத்தில் பின்னால் படித்த வில்லியம் ஹார்வி, 1628இல் ரத்தம் உடல் முழுவதும் சுற்றி வருகிறது என்று நிறுவினார். ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவை மிகக் குறைவாகவே வைத்து, அரை மணி நேரத் துடிப்புகளால் பெருக்கினார். உடலில் உள்ள மொத்த ரத்தத்தையும் அந்தக் கணக்கு தாண்டிப் போனது. உண்ணும் உணவிலிருந்து கல்லீரல் இவ்வளவு ரத்தத்தைப் புதிதாக உண்டாக்க முடியாது; எனவே அதே ரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். தமனிக்கும் சிரைக்கும் இடையே பாலம் எங்கே என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. 1661இல் மால்பிகி நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலைப் பார்த்து, நடுவில் உள்ள நுண்குழாய்களைக் கண்டார். கேலனிலிருந்து மால்பிகி வரை ஏறக்குறைய 1,500 ஆண்டுகள்.

கத்தி எடுத்தவர்கள்

அறுவை சிகிச்சையின் கதை வேறு மாதிரி. கோட்பாடு தவறானாலும் கை சரியாக இருந்தால் நோயாளி பிழைத்துவிடுவார் என்பதால், பழையவர்களின் கைவேலை நேரடியாகவே நம் காலம் வரை வந்திருக்கிறது.

சுஸ்ருதர் பெயரில் வழங்கும் சமஸ்கிருத நூல் பல நூற்றாண்டுகளில் வளர்ந்து உருப்பெற்றது. அதில் 101 மழுங்கிய கருவிகளும் 20 கூரிய கருவிகளும் சொல்லப்படுகின்றன. என்னை ஈர்ப்பது மாணவர் பயிற்சி பற்றிய பகுதி. வெட்டுவதற்குப் பூசணி, சுரை, வெள்ளரி, சிரையைக் குத்துவதற்கு இறந்த விலங்கின் சிரையும் தாமரைத் தண்டும், தைப்பதற்குத் தடித்த துணி, மென்தோல், கட்டுப்போடுவதற்குப் பொம்மை. எவ்வளவு படித்திருந்தாலும் கையால் செய்து பழகாதவர் சிகிச்சைக்குத் தகுதியற்றவர் என்கிறது நூல். நோயாளியின் மீது முதல் முறையாகக் கைவைக்கும்போது அது மாணவரின் முதல் முயற்சியாக இருக்கக் கூடாது என்ற இன்றைய கொள்கையும் இதேதான்.

அறுபட்ட மூக்கைத் திரும்ப உருவாக்கும் முறையும் அங்கே வருகிறது. இலை ஒன்றை மூக்கின் அளவுக்கு வெட்டி, அதை வைத்துக் கன்னத்துச் சதையை அளந்து, அடிப்பக்கம் ஒட்டியிருக்க மற்றதை மட்டும் கீறி எடுத்து, மூக்கின் இடத்தில் தைத்து, மூச்சுக்கு இரண்டு குழல் செருக வேண்டும். அடிப்பக்கத்தை ஒட்டவிடுவதில்தான் இதன் உயிரே இருக்கிறது. அந்த வழியாக ரத்தம் வந்துகொண்டிருந்தால்தான் சதை அழுகாது. 1794இல் லண்டன் இதழ் ஒன்றில், மைசூர்ப் போரில் மூக்கை இழந்த ஒரு மாட்டுவண்டிக்காரருக்குப் புனே அருகே நெற்றித் தோலைக்கொண்டு மூக்கு வைத்த செய்தி படத்தோடு வெளியானது. செய்தவர் பரம்பரையாக அந்தத் தொழிலைக் கற்றவர். அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் அறுவை மருத்துவர், இறந்த உடல்களில் பழகிப் பார்த்துவிட்டு, 1814இல் நோயாளிக்குச் செய்தார், 1816இல் நூலாக வெளியிட்டார். புற்றுநோயால் மூக்கின் பகுதியை இழப்பவர்களுக்கு நெற்றித் தோலைத் திருப்பிவைக்கும் முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஸ்பெயினின் கோர்டோபா அருகே வாழ்ந்த அல்-ஸஹ்ராவி, ஏறக்குறைய கி.பி. 1000இல் முடித்த 30 பகுதிகள் கொண்ட நூலின் கடைசிப் பகுதியை அறுவைக்கே ஒதுக்கினார். சுமார் 200 கருவிகளுக்குப் படமும் வரைந்துவைத்தார். விலங்குக் குடலிலிருந்து செய்த நூலால் உள்ளே தைப்பது பற்றியும் அதில் வருகிறது. உடலே கரைத்துவிடும் தையல் நூல் பின்னாளில் அறுவைக் கூடங்களின் அன்றாடப் பொருளானது. உடற்கூறு தெரியாமல் கத்தி எடுக்கக் கூடாது என்பதற்கு அவர் ஒரு சாட்சி சொல்கிறார். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறியாத வைத்தியன் ஒருவன் அறுத்தபோது தமனி வெட்டுப்பட்டு, அவள் அவன் முன்னாலேயே ரத்தம் கொட்டி இறந்தாளாம். மற்றவர்கள் செய்த தவறைப் பாடமாக எழுதும் அந்தப் பழக்கம்தான், சிகிச்சையில் நேர்ந்த மரணங்களை மருத்துவர்கள் கூடி அலசும் இன்றைய கூட்டங்களிலும் தொடர்கிறது.

மருத்துவர்களைச் சோதிப்பதும் பழைய ஏற்பாடுதான். 931இல் பாக்தாத்தில் ஒரு நோயாளி தவறான சிகிச்சையால் இறந்ததும், தேர்வில் தேறாதவர் தொழில் செய்யக் கூடாது என்று கலீஃபா ஆணையிட்டார். 860க்கும் மேற்பட்டவர்கள் தேர்வுக்கு வந்தார்கள். 1284இல் கெய்ரோவில் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் காய்ச்சலுக்கு, கண்ணுக்கு, அறுவைக்கு என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. பிளேக் பரவிய இடங்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் வெளியே தங்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று 1377இல் ரகூசா, அதாவது இன்றைய குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரம், சட்டம் போட்டது. பிளேக் கிருமியை யெர்சின் கண்டது 1894இல். காரணம் தெரியாமலே சரியான காரியத்தைச் செய்திருக்கிறார்கள்.

ஒரு கைப்பிடிச் செடி

அப்படியானால் பழைய நூல்களில் இருப்பதை எடுத்து அப்படியே பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். முன்னோர் எல்லாவற்றையும் முன்பே கண்டுவிட்டார்கள் என்று பரவும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த முன்னோரின் உழைப்புக்கு அது மரியாதை ஆகாது. அவர்களே ஒருவரையொருவர் சோதித்தவர்கள். பழைய நூலை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு மலேரியா மருந்தின் கதையைச் சொல்கிறேன்.

1960களின் இறுதியில், பழைய மலேரியா மருந்துகள் பலனிழந்து வந்த நேரத்தில், சீனாவில் தூ யூயூ என்ற விஞ்ஞானியின் குழு பழைய மருத்துவ நூல்களைப் புரட்டத் தொடங்கியது. 2,000க்கும் மேற்பட்ட மருந்து முறைகளைத் திரட்டினார்கள். ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து 380க்கு மேல் சாறுகளைத் தயாரித்து, மலேரியா தொற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை பயன் தரவில்லை. மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடி மட்டும் ஒருமுறை நம்பிக்கை தந்தது, மறுமுறை ஏமாற்றியது. தூ யூயூ மறுபடி நூலுக்குப் போனார். 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசர மருந்துக் குறிப்பில், அந்தச் செடியை ஒரு கைப்பிடி எடுத்து நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்று இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகித்து, குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைக்கொண்டு சாறு இறக்கினார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளில் முழுப் பலன் தந்தது. தூ யூயூவும் குழுவினரும் முதலில் தாங்களே அதை உட்கொண்டு பாதுகாப்பைச் சோதித்தார்கள். பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினின் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கே ஹோங் இல்லாமல் இந்த மருந்து கிடைத்திருக்காது. எலிகளும், ஈதரும், வரிசையாகப் பயனற்றுப்போன சாறுகளும் இல்லாமலும் கிடைத்திருக்காது. அந்த மருந்தைச் சோதிப்பது இன்னும் ஓயவில்லை. 2000களின் இறுதியில் மேற்குக் கம்போடியாவிலும், பின்னர் ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் ஆர்ட்டிமிசினினைத் தாக்குப்பிடிக்கும் மலேரியா ஒட்டுண்ணிகள் தென்பட்டிருக்கின்றன. இப்படி எதிர்ப்பு உருவாவதைத் தடுக்கத்தான் அதைத் தனியாகத் தராமல் வேறொரு மருந்தோடு சேர்த்தே தருகிறார்கள். மருந்து கொடுத்த பிறகு ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணி மறைய எத்தனை நாள் ஆகிறது என்று பல நாடுகளில் நோயாளிவாரியாகக் குறித்துவருகிறார்கள்.